இரண்டாயிரம் ஏன் வரவில்லை? பிஎம் கிசான் பணம் நின்றுபோனவர்களுக்கு

பக்கத்து வயல்காரர் போனுக்கு மெசேஜ் வந்துவிட்டது, உங்களுக்கு வரவில்லை. உடனே பட்டா, ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு முதலில் பேங்க், அங்கிருந்து விஏஓ ஆபீஸ், அங்கிருந்து வேளாண் ஆபீஸ் என்று கிளம்பிவிடாதீர்கள். பணம் எந்த இடத்தில் சிக்கியிருக்கிறது என்று தெரியாமல் எந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றாலும் அடுத்த ஆபீசைக் கைகாட்டித்தான் அனுப்புவார்கள். அவர்கள் மேல் முழுக்கக் குறை சொல்லவும் முடியாது, பேங்க்காரருக்கு உங்கள் பட்டா தெரியாது, விஏஓவுக்கு உங்கள் பேங்க் கணக்கு தெரியாது. எது கோளாறு என்று முதலில் நீங்கள் கண்டுபிடியுங்கள், அப்புறம் அந்த ஒரு ஆபீசுக்கு மட்டும் போங்கள். பாதி அலைச்சல் அங்கேயே மிச்சம்.

திட்டம் தெரிந்ததுதான், நிலம் உள்ள விவசாயக் குடும்பத்துக்கு மத்திய அரசு தருவது, வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, தவணைக்கு 2,000. ஏப்ரல் முதல் ஜூலை, ஆகஸ்ட் முதல் நவம்பர், டிசம்பர் முதல் மார்ச் என்று மூன்று காலம். அந்த நாலு மாதத்துக்குள் எந்த நாளில் விடுவார்கள் என்று நிலையான தேதி கிடையாது, பிரதமர் ஏதாவது ஒரு ஊரில் விழா வைத்து விடுவிப்பார். 2019 பிப்ரவரி 24-ல் கோரக்பூரில் தொடங்கியது, 21-வது தவணையை 2025 நவம்பர் 19-ல் நம் கோவையில் வைத்துதான் விட்டார்கள். அதனால் "ஒன்றாம் தேதி ஆச்சு, இன்னும் வரலையே" என்று பதறத் தேவையில்லை. ஊரில் மற்றவர்களுக்கு வந்து ஒரு வாரம், பத்து நாள் ஆகியும் உங்களுக்கு வரவில்லை என்றால்தான் தேட வேண்டும்.

முதல் வேலை: ஸ்டேட்டஸ் பாருங்கள்

பிஎம்கிசான் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்தில் "நோ யுவர் ஸ்டேட்டஸ்" என்று ஒரு பட்டன் இருக்கும். பதிவு எண்ணைப் போட்டால் போனுக்கு ஓடிபி வரும், அதைக் கொடுத்தால் உங்கள் பக்கம் திறக்கும். பதிவு எண் மறந்துபோயிருந்தால் அதே இடத்தில் போன் நம்பரையோ ஆதாரையோ கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஐந்து நிமிஷ வேலை, இல்லையென்றால் இ-சேவை மையத்தில் கேட்டு பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த பிரின்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், பிறகு ஆபீசில் பேசும்போது வாய்ப்பேச்சை விட அந்தத் தாள்தான் பேசும்.

அந்தப் பக்கத்தில் உங்கள் பெயர், ஊர் விவரம் தாண்டி மூன்று வரிகளைத் தேடுங்கள். லேண்ட் சீடிங் (நிலம் சரிபார்ப்பு), இ-கேஒய்சி (ஆள் நீங்கள்தான் என்று ஆதார் வழியாக உறுதி செய்வது), ஆதார் பேங்க் அக்கவுன்ட் சீடிங் (ஆதாரோடு பேங்க் கணக்கு இணைப்பு). மூன்றுக்கும் நேராக "எஸ்" இருக்க வேண்டும். எதற்கு "நோ" என்று இருக்கிறதோ அங்கேதான் உங்கள் இரண்டாயிரம் நிற்கிறது. அதற்குக் கீழே ஒவ்வொரு தவணைக்கும் என்ன ஆனது, எந்தப் பேங்குக்குப் போனது, எந்தத் தேதியில் போனது என்றெல்லாம் வரும். இதைப் பார்க்காமலே வருஷக்கணக்கில் "எனக்கு நிறுத்திட்டாங்க" என்று டீக்கடையில் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இ-கேஒய்சி "நோ" என்றால்

மூன்றில் இதுதான் சுலபம். ஆதாரில் உங்கள் போன் நம்பர் இணைந்திருந்தால் தளத்திலேயே ஓடிபி போட்டு முடித்துவிடலாம். இணையவில்லை என்றால் பொது சேவை மையத்தில் விரல் ரேகை வைக்க வேண்டும். இதில் வயசானவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த கை, ரேகை தேய்ந்துபோய் மெஷின் எடுக்கவே எடுக்காது. அவர்களைத் திரும்பத் திரும்ப விரல் வைக்கச் சொல்லி வதைக்க வேண்டாம். 2023-ல் இருந்து முகத்தைக் காட்டியே கேஒய்சி முடிக்கும் வசதி வந்துவிட்டது. பிஎம் கிசான் செயலியோடு ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற செயலியையும் பிளே ஸ்டோரிலிருந்து ஏற்றிக்கொண்டால் போதும், ஓடிபியும் வேண்டாம், ரேகையும் வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார வைத்து கண்ணைச் சிமிட்டச் சொன்னால் முடிந்தது. உங்கள் ஒரே போனில் அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்கும் செய்து கொடுக்கலாம்.

லேண்ட் சீடிங் "நோ" என்றால்

நிலம் உங்கள் பெயரில் இருக்கிறது என்பதை வேளாண் துறையோ வருவாய்த் துறையோ கணினியில் உறுதி செய்யவில்லை என்று அர்த்தம். தமிழ்நாட்டில் இதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, பட்டா இன்னும் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ கிடக்கிறது. நாற்பது வருஷமாக நீங்கள்தான் உழுகிறீர்கள், ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. பட்டா மாறுதலுக்கு இ-சேவையில் விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை. அண்ணன் தம்பிகள் சேர்ந்து கூட்டுப் பட்டாவாக இருந்தால் பரவாயில்லை, அதில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு, பெயர் குழப்பம். பட்டாவில் "ரெங்கசாமி, தந்தை பெயர் முத்துக்கருப்பன்" என்று இருக்கும், ஆதாரில் "எம் ரங்கசாமி" என்று இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால் போயிருக்கும். மனுஷன் பார்த்தால் ஒரே ஆள்தான், மெஷின் பார்த்தால் மூன்று ஆள். எல்லாவற்றையும் திருத்த ஓட வேண்டாம். ஆதாரில் உள்ளபடியே பிஎம் கிசான் பதிவில் பெயரை மாற்ற தளத்திலேயே வழி இருக்கிறது. பட்டாவில் பெயர் ரொம்பத் தவறாக இருந்தால் மட்டும் தாலுகா ஆபீசில் திருத்த மனு கொடுங்கள்.

மூன்றாவது, யாரும் கவனிக்காதது, பரப்பளவு. பதிவு செய்யும்போது ஹெக்டேரில் கேட்பார்கள், நமக்கோ ஏக்கரும் சென்டும்தான் வாயில் வரும். பட்டாவில் 0 - 40.50 என்று போட்டிருந்தால் அது நாற்பது சென்ட் இல்லை, நாற்பதரை ஏர் (நூறு ஏர் ஒரு ஹெக்டேர்), அதாவது கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். இதைத் தெரியாமல் ஒரு ஏக்கர்காரருக்கு ஒரு ஹெக்டேர் என்று அடித்துவிட்டால், இரண்டரை ஏக்கர் நிலம் இருப்பதாகப் பதிவாகி, சரிபார்க்கும்போது பட்டாவோடு ஒத்துப்போகாமல் நின்றுவிடும். பட்டாவில் உள்ள எண்ணை அப்படியே பார்த்து எழுதச் சொல்லுங்கள், மனக்கணக்கு வேண்டாம். சர்வே எண், உட்பிரிவு எண் இரண்டும் சேர்ந்து சரியாக இருக்க வேண்டும், 112/3B என்பதற்கு வெறும் 112 என்று போட்டால் அது ஊரில் வேறு யாருடைய நிலமாகவோ இருக்கும். நத்தம் (குடியிருப்பு மனை) பட்டாவை வைத்துப் பதிவு செய்தால் நிற்காது, சாகுபடி நிலமாக இருக்க வேண்டும்.

இவற்றுக்குப் போக வேண்டிய இடம் உங்கள் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையம். உதவி வேளாண்மை அலுவலரிடம் சிட்டா நகல், ஆதார், அந்த ஸ்டேட்டஸ் பிரின்ட் மூன்றையும் கொடுத்து "சார், லேண்ட் சீடிங் நோ காட்டுது, சரிபார்த்துக் கொடுங்க" என்று நேராகச் சொல்லுங்கள். "பணம் வரலை சார்" என்று பொதுவாகச் சொன்னால் "பேங்க்ல கேளுங்க" என்று பதில் வரும்.

பேங்க் சீடிங்: பெரும்பாலானவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பேங்கில் ஆதார் கொடுத்திருப்பது வேறு, மானியம் வருவதற்காக ஆதாரை இணைத்திருப்பது வேறு. கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்திருப்பீர்கள், அது உங்கள் அடையாளத்துக்கு. அரசாங்கம் பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணைப் பார்த்து அனுப்புவதில்லை, ஆதார் எண்ணுக்கு அனுப்புகிறது. அந்த ஆதார் எண் எந்த பேங்க்கைக் காட்டுகிறது என்ற பட்டியல் என்பிசிஐ என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. ஒரு ஆதாருக்கு ஒரு பேங்க்தான், கடைசியாக எதை இணைத்தீர்களோ அதுதான். நீங்கள் பதிவில் கொடுத்த பாஸ்புக் எண் எதுவாக இருந்தாலும் சரி, அந்தப் பட்டியலில் இருக்கிற பேங்குக்குத்தான் பணம் போகும்.

எங்கள் பக்கம் ஒரு பெரியவர், கூட்டுறவு பேங்க் பாஸ்புக்கை மாதாமாதம் பதிந்து பார்த்துக்கொண்டே இருந்தார், வரவே இல்லை. ஸ்டேட்டஸ் பார்த்தால் எல்லாத் தவணையும் போயிருக்கிறது. கடைசியில் பார்த்தால், எப்போதோ ஒருமுறை முகாமில் தபால்காரர் விரல் வைத்து ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்திருக்கிறார், அதில் போய் அத்தனை தவணையும் அழகாக உட்கார்ந்திருக்கிறது. பெரியவருக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே நினைவில் இல்லை. ஒரு வகையில் சேமிப்பு ஆகிவிட்டது என்று சிரித்தார், ஆனால் அந்த இடைவெளியில் உரத்துக்குக் கைமாற்று வாங்கி வட்டி கட்டியதும் அவர்தான்.

உங்கள் ஆதார் எந்த பேங்க்கைக் காட்டுகிறது என்று பார்க்க மைஆதார் தளத்தில் உள்ளே நுழைந்து "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" என்பதைத் தட்டுங்கள். பேங்க் பெயர், ஆக்டிவ் ஆக இருக்கிறதா, எந்தத் தேதியில் இணைத்தது, எல்லாம் வரும். அங்கே வருகிற பேங்க் உங்களுக்குத் தெரிந்த கணக்கு என்றால் போய் பாஸ்புக் பதிந்து பாருங்கள், பணம் அங்கேயே இருக்கலாம். "இன்ஆக்டிவ்" என்று வந்தாலோ, எதுவுமே இணையவில்லை என்று வந்தாலோ பேங்குக்குப் போகத்தான் வேண்டும்.

பேங்கில் போய் "ஆதார் லிங்க் பண்ணணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கவுன்டரில் இருப்பவர் கணினியைப் பார்த்துவிட்டு "ஏற்கனவே லிங்க் ஆயிருக்கே" என்று அனுப்பிவிடுவார், அவர் பார்ப்பது அந்த கேஒய்சி இணைப்பை. "என்பிசிஐ மேப்பிங் பண்ணணும், டிபிடி பணம் இந்தக் கணக்குக்கு வரணும்" என்று கேளுங்கள். டிபிடி என்றால் அரசு நேராகக் கணக்கில் போடும் பணம். அதற்குத் தனி ஒப்புதல் படிவம் உண்டு, அதில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திய ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வேறு பேங்கில் ஏற்கனவே இணைந்திருந்தால் அங்கிருந்து இங்கே மாற்றுவதாக அதே படிவத்தில் குறிப்பிட வேண்டும். சில நாள் கழித்து மைஆதார் தளத்தில் மறுபடி பாருங்கள், மாறவில்லை என்றால் அந்தச் சீட்டோடு மறுபடி பேங்குக்கு. கூட்டம் கூடும் ஒன்றாம் தேதி வாரத்தில் இந்த வேலைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

மூன்றும் "எஸ்", ஆனாலும் பணம் இல்லை

அப்படியும் நடக்கும். தவணைக்கு நேராக "ஆர்எஃப்டி சைன்ட் பை ஸ்டேட்" என்று இருந்தால் மாநிலம் கோரிக்கையை அனுப்பிவிட்டது, "எஃப்டிஓ ஜெனரேட்டட்" என்று இருந்தால் பணம் அனுப்பும் உத்தரவு போட்டாயிற்று. இந்த இரண்டில் எது இருந்தாலும் காத்திருக்கலாம். "வெயிட்டிங் ஃபார் அப்ரூவல்" என்று மாதக்கணக்கில் கிடந்தால்தான் வேளாண் ஆபீசில் கேட்க வேண்டும். நம் மாநிலத்தில் ஒப்புதல் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதற்குக் காரணமும் உண்டு. 2020-ல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று பல மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்களை எல்லாம் தனியார் கம்ப்யூட்டர் சென்டர்கள் வழியாகக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து, சுமார் 110 கோடி ரூபாய் போய், சிபிசிஐடி விசாரணை வரை போனது. யாரோ செய்ததற்கு இப்போது நிஜ விவசாயி வரிசையில் நிற்கிறான்.

இன்னொரு காரணம், 2025-ல் சந்தேகப் பட்டியல் என்று எடுத்து நிறையப் பேருக்கு நேரில் சரிபார்க்கும் வரை பணத்தை நிறுத்தி வைத்தார்கள். முக்கியமாக இரண்டு வகை ஆட்கள் அதில் மாட்டினார்கள். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் தனித்தனியாக வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரு வகை. கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள், இது ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு 6,000 தான், இரண்டு பேர் பெயரிலும் தனித்தனிப் பட்டா இருந்தாலும் அப்படித்தான். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்கள் இன்னொரு வகை. அந்தத் தேதிக்குப் பிறகு கிரயம் செய்த நிலத்துக்கு இதில் இடம் இல்லை. நிலத்துக்காரர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு.

தகுதி விஷயத்தில் ஊரில் சுற்றும் தப்பான பேச்சு நிறைய. மகன் சென்னையில் ஐடி வேலை பார்த்து வரி கட்டினால் அப்பாவுக்குக் கிடைக்காது என்பார்கள், தப்பு, வயதுவந்த மகன் இந்தக் கணக்கில் உங்கள் குடும்பமே இல்லை. ஆனால் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை என்றால் கணவன் பெயரில் பத்து ஏக்கர் இருந்தாலும் கிடைக்காது. கடைசி மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், தொழில் செய்கிற டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆடிட்டர் எல்லாரும் வெளியே. அரசு வேலையிலும் நான்காம் நிலை ஊழியர்களுக்கு விலக்கு உண்டு. இரண்டு ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கிடைக்காது என்பதும் பழைய கதை, 2019 ஜூனிலேயே அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள்.

எனக்கு இதில் ஒரே மனக்குறை குத்தகை விவசாயிகள் விஷயம்தான். டெல்டாவில் கோயில் நிலத்தைத் தலைமுறையாக உழுகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு இந்தத் திட்டத்தில் ஒரு பைசா கிடையாது, பட்டா இல்லை என்பதால். டவுனில் உட்கார்ந்திருக்கிற நிலத்துக்காரருக்கு வந்துவிடுகிறது. குத்தகைக்காரர்கள் இதன் பின்னால் அலைவதை விட்டுவிட்டு விஏஓவிடம் தவறாமல் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவு) வாங்கி வைத்துக்கொள்வது மேல். பயிர்க் காப்பீட்டுக்கு அதுதான் ஆதாரம், குத்தகைக்காரரும் அதில் சேரலாம்.

அப்பா இறந்துவிட்டால்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். அவர் கணக்கில் பணம் தொடர்ந்து விழுந்தால் "வருதே, வரட்டும்" என்று ஏடிஎம் கார்டை வைத்து எடுத்துக்கொண்டிருந்தால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். வேளாண் ஆபீசில் இறப்புச் சான்று கொடுத்து அவர் பதிவை நிறுத்துங்கள். வாரிசுச் சான்று வாங்கி பட்டாவை மாற்றி, உங்கள் பெயரில் புதுப் பதிவு செய்யுங்கள். நிலம் எப்படி வந்தது என்று கேட்கும் இடத்தில் வாரிசு வழியாக என்பதைத்தான் தேர்வு செய்ய வேண்டும். அங்கே வேறு எதையாவது தட்டிவிட்டால், பட்டா மாறிய தேதி 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு இருந்தால் கணினி தள்ளிவிடும்.

விவசாயி அடையாள எண்

2025 தொடக்கத்தில் இருந்து ஊர் ஊராக முகாம் போட்டு எடுத்தார்களே, அந்தத் தனித்துவ அடையாள எண்ணை இன்னும் எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள். ஆதார், ஆதாரோடு இணைந்த போன், பட்டா போதும், காசு கிடையாது. பிஎம் கிசானில் புதிதாகச் சேர இந்த எண்ணைக் கேட்கிறார்கள். போகும்போது அந்த போனைக் கையில் எடுத்துப் போங்கள், ஓடிபி அதில்தான் வரும், போன் திருப்பூரில் மகனிடம் இருந்தால் வேலை நடக்காது.

ஆபீசில் அசையவில்லை என்றால் 155261 அல்லது 1800115526 எண்ணுக்குப் பேசலாம். அதை விட எனக்கு நம்பிக்கை, கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுத்தில் மனு கொடுப்பதுதான். பதிவு எண், எந்தத் தவணையில் இருந்து நின்றது, ஸ்டேட்டஸில் என்ன காட்டுகிறது, இந்த மூன்றும் அரைப் பக்கத்தில். நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் "பிஎம் கிசான் புதிய பட்டியல்" என்று ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து செயலி ஏற்றும் ஃபைல்) வரும், தொடவே தொடாதீர்கள், ஏற்றினால் போனில் வருகிற ஓடிபியை எல்லாம் அனுப்பிய மோசடிக்காரன் படித்து கணக்கைத் துடைத்துவிடுவான். செயலி வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் இருந்து மட்டும். "நிறுத்தின பணத்தை வாங்கித் தர்றேன், ஐந்நூறு கொடு" என்பவர்களும் வருவார்கள். மேலே சொன்னதில் காசு ஆவது இ-சேவை கட்டணம்தான், பொது சேவை மையத்தில் ரேகை வைத்து கேஒய்சி செய்ய 15 ரூபாய்.

விட்டுப்போன தவணைகள் என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்பார்கள். தகுதி இல்லை என்று தள்ளப்பட்டவராக இல்லாமல், பெயர், பேங்க், நிலம் என்று ஏதோ ஒரு கோளாறால் நின்றிருந்தால், கோளாறு சரியானதும் பாக்கித் தவணைகளும் சேர்ந்து வர வேண்டும், விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. அதனால் "போனது போகட்டும்" என்று புதிதாக இன்னொரு பதிவு போடாதீர்கள். பழைய பதிவு எண்ணிலேயே திருத்துங்கள், இரண்டாவது பதிவு போட்டால் பழைய பாக்கியும் போய், ஒரே ஆதாருக்கு இரண்டு பதிவு என்று புதிதாக ஒரு சிக்கலும் சேரும்.